யோசிக்காத ஆளுக்கு ஒரு துவக்கு

ஊர்காவற்றுறையில் நகை அடகு பிடிக்கும் கிளையொன்றின் வாசலில் எனக்குக் காவல் வேலை. ஐந்து வருடம் ஒரு தடியோடு நின்றேன். தடிக்கு விதி கிடையாது. பிறகு தங்கத்தின் விலை ஏறியதாம், இனி வாசலில் நிற்பவனிடம் துவக்கு இருக்க வேண்டுமாம். எங்கள் காவல் கம்பனியின் மேற்பார்வையாளர் வந்து ஒரு படிவத்தை நீட்டினார்.

“டொக்டரிட்டைக் காட்டி, ஆள் துவக்குப் பிடிக்கத் தகுதி எண்டு எழுதுவிச்சுக்கொண்டு வாரும். கிடைக்காட்டியும் யோசிக்காதையும். கொழும்பிலை துவக்கில்லாத வேலை கிடக்கு.”

யோசிக்காமல் எப்படி இருப்பது? எங்கள் பக்கத்தில் கவலைப்படுவதற்கும் யோசிப்பது என்றுதான் பெயர். புளியங்கூடலிலிருந்து சைக்கிளில் பாதி வழி வந்த பிறகும், வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப்போய் இழுத்துப் பார்ப்பவன் நான். கொழும்பிலிருந்து எப்படித் திரும்பிப்போய் இழுப்பது?

படிவத்தோடு விதிகளும் இருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தேன். துவக்கு என்றோ துப்பாக்கி என்றோ ஓரிடத்திலும் இல்லை. எல்லாம் ‘சுடுகலன்.’

“சுடுகலனோ? பால் காய்ச்சுற சட்டியையோ காவல் காக்கப் போறியள்?” என்றாள் மனைவி.

சட்டியென்றால் இறக்கி வைக்கலாமே. சுடுகலனை வேறொருவர் கையில் கொடுக்கக்கூடாது, கண்ணுக்கு அப்பால் வைக்கக்கூடாது, வளவுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. எங்கள் கிளையின் கக்கூசோ பக்கத்து வளவில். விதி எழுதிய பெரியவர்களுக்கு மூத்திரம் வருவதில்லைப் போலும்.

ஆஸ்பத்திரியில் மலையகத்திலிருந்து வந்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீங்க நல்லா யோசிக்கிற ஆளா?”

பிடித்துவிட்டாரே என்று எனக்கு வியர்த்தது. “சீச்சீ, நான் ஒண்டுக்கும் யோசிக்கிறேல்லை, டொக்டர்.”

“ஒண்ணுக்குமேவா?”

“பிறந்ததிலை இருந்து யோசிச்சதில்லை.”

“கையில துவக்கு குடுத்தா கூடவா?”

“துவக்கைக் கண்டா அறவே யோசிக்க மாட்டன்.”

அவர் படிவத்தை இழுத்து வைத்து எழுதினார். வெளியே வந்த பிறகுதான், அவருடைய ஊரில் யோசிப்பது என்றால் யோசிப்பது மட்டும்தான் என்பது உறைத்தது. திரும்பிப்போய் விளக்கினால் யோசிக்கிறவன் என்று பிடிபட்டுவிடும். படிவத்தின் அடியில் எழுதியிருந்தார்: ‘உடல் நலம் நன்று. எதையும் யோசிப்பதில்லை என்று இவரே கூறுகிறார். முடிவு கம்பனியுடையது.’

மேற்பார்வையாளர் வாசித்தார். நான் மனதுக்குள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

“ஐசே, இப்பிடி ஒரு ஆளைத்தானே தேடினனாங்கள்!” என்றார் அவர். “துவக்குப் பிடிக்கிறவன் யோசிச்சாத்தான் பிழை.”

அன்றே துவக்கு வந்தது. தோட்டா மட்டும் கிளை மனேச்சரின் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது. திறப்பு அவரிடம். அவரோ வெள்ளிக்கிழமைகளில் நயினாதீவு அம்மனிடம்.

“வெள்ளிக்கிழமை கள்ளன் வந்தா?” என்று கேட்டேன்.

“அண்ணை, நீங்கள் யோசிக்காத ஆளெண்டெல்லோ எழுதிக் கிடக்கு?” என்று சிரித்தார் மனேச்சர்.

கக்கூஸ் விஷயத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “யோசிக்கத் துவங்கிட்டீரோ? அப்ப கொழும்பு…” என்று இழுத்தார்.

“சீச்சீ, சும்மா கேட்டனான்.”

அதோடு காலைத் தேத்தண்ணியை நிறுத்தினேன். மத்தியானம் கதவு சாத்தி, துவக்கை உள்ளே பூட்டும்வரை கால்களை இறுக்கிக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் மனைவியோடு படியேறியவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று நான் மறந்துபோய்த் தேத்தண்ணி குடித்திருந்தேன்.

“என்ன ஒரு நிலை! ஆள் அசையிறானில்லை,” என்றார், கிளை முழுக்கக் கேட்க. “முந்தி இயக்கத்திலை இருந்தனீரோ?”

கையில் துவக்கு. உள்ளே எல்லாத் தலையும் திரும்பியது.

“ஐயோ, இல்லை ஐயா,” என்றேன். “ஒண்டுக்குப் போகோணும்.”

“அதுக்கென்ன, தாரும், நான் பிடிக்கிறன்.”

கொடுத்துவிட்டு ஓடினேன். அந்த ஒரு தரம்தான் டொக்டர் எழுதியபடி நடந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் நெஞ்சை நிமிர்த்தி என் இடத்தில் நின்றார். அவருடைய மனைவி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். துவக்கை வாங்கிக்கொண்டு மனேச்சரைப் பார்த்தேன். அவர் ஒரு சங்கிலியை உரைகல்லில் தேய்த்தபடி, தலை நிமிராமல் சொன்னார்:

“அண்ணை, நான் ஒண்டும் காணேல்லை. கண்டா மேலை அறிவிக்கோணும். அறிவிச்சா உங்களைக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டு, இன்னொரு யோசிக்காத ஆளுக்கு நான் எங்கை போறது?”

இப்போதும் அதே வாசலில்தான் நிற்கிறேன். அந்தப் படத்தை அந்த மனிசி எங்கே போட்டிருப்பா என்றுதான் யோசனை.