கையைக் கட்டிக்கொண்டு நின்ற நர்ஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் என் தங்கை மகள் ஸ்டெல்லாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஐந்து மாதக் குழந்தை ஜோயலுக்கு நெஞ்சுச் சளி. ஆக்ஸிஜனை எடுத்தாயிற்று, பாலும் குடிக்கிறான். ஆனால் டிஸ்சார்ஜ் மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

காரணம் – மூச்சு. நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறான் என்று எண்ணினால், ஒவ்வொரு முறையும் கூடுதல். "இன்னிக்கும் குறையலைன்னா மறுபடி எக்ஸ்ரே" என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஸ்டெல்லா அழாத குறை.

அன்று எண்ண வந்தவர் மஞ்சுளா. துமகூர்க்காரர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். பெரியவர்கள் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவர். இப்போது குழந்தைகளுக்கான தனிப் பயிற்சியில் இருக்கிறார். சட்டையில் 'டிரெய்னி' என்று பேட்ஜ்.

"கத்துக்கறதுக்கு எம்புள்ளதான் கிடைச்சானா, பெரியம்மா?" – ஸ்டெல்லா என் காதில் முணுமுணுத்தாள்.

எல்லோருக்கும் கைதேர்ந்த நர்ஸ்தான் வேண்டும். அந்தக் கை தேறுவதற்கு மட்டும் பக்கத்து பெட்டுக்குப் போக வேண்டும்!

ஆனாலும் மரியாதையை விடலாமா? ஸ்டெல்லா தூங்கும் குழந்தையைத் தூக்கினாள், முகத்தைத் துடைத்தாள், பவுடர் போட்டாள்... "சிஸ்டர் வந்திருக்காங்க பாரு, செல்லம்!"

செல்லம் வீறிட்டது.

மஞ்சுளா எண்ணவே இல்லை. "நாங்க வர்றப்பல்லாம் எழுப்பிடுவீங்களாம்மா?"

"பின்னே? டிராலி சத்தம் கேட்டாலே ரெடி பண்ணிடுவேன் சிஸ்டர்."

"அய்யோ! அழுதா மூச்சு ஜாஸ்தியாகும்மா. தூங்க வைங்க, ஸ்வல்ப கழிச்சு வர்றேன்."

குழந்தை தூங்கிய பிறகு, டிராலி இல்லாமல் திரும்பி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, குழந்தையின் வயிற்றையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். குழந்தையைத் தொடவில்லை.

"என்ன பெரியம்மா, வேடிக்கை பார்க்கறாங்க?"

"சும்மா இருடி!"

முழுதாக ஒரு நிமிடம். நிமிர்ந்தவர் முகத்தில் சிரிப்பு. "கரெக்டா இருக்கும்மா." சீனியர் சிஸ்டரை அழைத்து வந்தார். அவரும் எண்ணினார். பிறகு டாக்டர், அவரும் ஓசைப்படாமல் நின்று எண்ணினார். "சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"பெரியவங்க வார்டுல இப்படி இல்லையா?" என்று மஞ்சுளாவிடம் கேட்டேன்.

"அங்கே 'தாத்தா, எழுந்திருங்க'ன்னு தட்டிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம் மேடம். இங்கே வந்ததும் முதல் பாடமே, 'பாரு, தொடாதே'. இந்தக் கை கேட்கணுமே! ரொம்பக் கஷ்டப்பட்டேன்."

பயிற்சி என்றால் கைக்கு வேலை கற்றுக்கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கையைச் சும்மா வைத்திருக்கவும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே...

சாயங்காலம் லிங்கராஜபுரத்தில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். எதிர் பெட்டில் புதிதாக வந்திருந்த அம்மா, மஞ்சுளாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க புதுசா சிஸ்டர்?"

மஞ்சுளா வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"புதுசெல்லாம் இல்லக்கா! சூப்பரா பார்ப்பாங்க, நம்பிக் குடுங்க!"

அனுபவசாலி என்ற சர்டிஃபிகேட் கிடைக்க ஒரு நிமிடம் போதும் – நம் வீட்டுக் குழந்தையிடம் அது செலவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.