திட்டுமேல் செங்கல் வட்டம்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு உள்ளே ஒரு திட்டு இருக்கிறது. எங்கள் குப்பத்திலிருந்து படகில் போனால் ஒரு பீடி பிடிக்கிற நேரம். சுற்றிலும் தண்ணீர், மேலே சாம்பல். என் சின்ன வயதில் அது களிமண் திட்டாக இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகிற குழாய் உடைந்து உடைந்து ஒழுகி, அது சாம்பல் திட்டு ஆகிவிட்டது. வலை காயப்போடக்கூட யாரும் அங்கே போவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து திட்டின் வடக்குக் கரையை அறுத்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்ததும் செங்கல் தெரிந்தது. வட்டமாகக் கட்டிய சுவர். அப்படி மூன்று, வரிசையாக. ஒவ்வொன்றும் ஒரு பெரிய கிணற்றின் அகலம். உள்ளே வாய்வரை சாம்பல் நிறைந்திருந்தது. கரை அறுந்த பக்கம் இருந்த வட்டத்தில் மட்டும், சுவரின் வெளியே ஒரு வளைவு தெரிந்தது. சின்ன வாசல் மாதிரி. அதைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

நண்டு பிடிக்கப் போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அங்கே பச்சை பிடித்த செப்புக் காசு ஒன்று கிடைத்தது. அன்று சாயங்காலமே குப்பம் முழுக்க ஒரே பேச்சு. பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தர் கிளம்பிப் போகும்போது பெட்டிகளை அங்கே புதைத்துவிட்டுப் போனார்கள் என்று. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எல்லோரும் தங்கள் அப்பன் சொன்னதாகச் சொன்னார்கள். என் அப்பா சாகும்வரை அப்படி எதுவும் சொன்னதில்லை.

என் அக்காள் புருஷன் அதை நம்பினார். நான் அவரை மாமா என்பேன். கழிமுகத்தில் இறால் பிடித்துப் பழகியவர். கடலுக்குப் போகப் பிடிக்காது. ஆனால் கழிமுகத்தில் முன்போல இறால் இல்லை. வலையைத் தூக்கினால் சாம்பலும் எண்ணெயும்தான். வீடு அக்காள் காசிமேட்டில் மீன் எடுத்து திருவொற்றியூரில் விற்பதில்தான் ஓடியது. அவள் தன்னிடம் மீன் வாங்குகிற ஒருவரைப் பிடித்து, கண்டெய்னர் யார்டில் மாமாவுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டு வாங்கியிருந்தாள். நீலச் சட்டையும் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வந்து சேரச் சொன்னார்கள். சட்டை ஆணியில் தொங்கியது.

"லாரி வந்தா கேட்ட தொறக்கணும், போனா மூடணும். இதுக்கா என்ன பெத்தாங்க?" என்பார் மாமா.

"பெத்தவங்க இன்னாத்துக்கு பெத்தாங்கன்னு எனுக்கு தெரியாது. நான் கட்டிகினேன். எனுக்கு சம்பளம் வோணும்," என்பாள் அக்காள்.

அந்த நேரத்தில்தான் செங்கல் வட்டம் வெளியே வந்தது. மாமா அவளிடம் ஒரு பேச்சு வைத்தார். நம் முறை வரும்போது ஒரு வட்டத்தை அடிவரை தோண்டிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்றால் மறுநாளே நீலச் சட்டை. ஏதாவது இருந்தால் அந்தப் பேச்சே கூடாது. அக்காள் ஒத்துக்கொண்டாள். அது காலி என்று அவளுக்கு உறுதி.

முறை என்று நான் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழிமுகத்தில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். பாடு என்று பெயர். உன் பாட்டு நாளில் அந்த இடம் உன்னுடையது. வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்குப் போகாவிட்டால் போனதுதான். மழை, காற்று, காய்ச்சல், எதைச் சொன்னாலும் எடுபடாது. சுற்று முடிந்து மறுபடி வரவேண்டும். அந்த நாளில் வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் பாடு அந்த வீட்டுக்கே திரும்பக் கிடைக்கும்.

திட்டில் ஆளுக்கு ஆள் மண்வெட்டியோடு போய் அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் பயந்தார்கள். அதனால் திட்டுக்கும் பாடு வைத்துவிட்டார்கள். தோண்டுகிறவர் பாட்டில் கிடைத்தது தோண்டுகிறவருக்கு. இறாலுக்கு இருந்த சட்டம் புதையலுக்கும் ஆனது. யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

படகுத் துறையில் ஒரு டீக்கடை. வாதம் எல்லாம் அங்கேதான் நடந்தது. ராயபுரத்திலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி தினமும் வந்துவிடுவார். குச்சி வைத்த ஒரு மெஷின் அவரிடம் இருந்தது. இரும்பு, செம்பு இருந்தால் கத்தும். கிடைத்ததில் தனக்கும் பங்கு தந்தால் மெஷின் காட்டுவதாகச் சொன்னார்.

"அந்த வாசல பாத்தீங்களா நைனா? வளைவு வெச்சி கட்டி, கல்ல வெச்சி அடச்சிகீறான். உள்ள ஒன்னியும் இல்லாமயா அடைப்பான்?" என்றார் அவர்.

அக்காள் அப்போதுதான் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கினாள்.

"புதைக்கிறவன் வாசலு வெச்சி கட்டுவானா? திருடனுக்கு வழி தெரியாம பூடும்னா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"நீ மீன பாத்துகினு போடி. இது வேற விஷயம்."

"மீன பாத்துதான்யா சோறு துன்ற. அது காளவாய். கிளிஞ்சல் சுட்டு சுண்ணாம்பு எடுக்குற காளவாய். கீழ வாய் இல்லாம நெருப்பு எப்டி வெப்பான்?"

"சுண்ணாம்பு காளவாய்னா வெள்ளையா இருக்கணுமேக்கா," என்றார் வியாபாரி. "தோண்டனவன் கைய பாத்தியா? கறுப்பு."

"அது கரண்டு சாம்பலு. அத்த ஒல்லாந்தரா வந்து கொட்டிட்டு போனான்?"

"சரி, சாம்பலு. மெஷினு இன்னாத்துக்கு கத்துது? அந்த திட்டுல எங்க வெச்சாலும் கத்துது."

"எங்க வூட்டாண்ட எட்துகினு வா. வெச்சி பாரு."

அவர் வந்தார். பாதிக் குப்பம் பின்னால் வந்தது. அக்காள் வீட்டு வாசலில் வைத்தார், கத்தியது. தண்ணீர்க் குழாயடியில் வைத்தார், கத்தியது. கோழி படுக்கிற இடத்திலும் கத்தியது. நான் சாம்பல் குழாயில் கூலி வேலை பார்த்தவன். குப்பம் முழுக்கப் படிந்திருக்கிற அந்தச் சாம்பலில் காந்தத்தை விட்டால் மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சொன்னேன்.

வியாபாரி குச்சியைத் தட்டிப் பார்த்தார்.

"அப்போ உங்க வூட்டாண்டயும் கீதுன்னு அர்த்தம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை மாமாவும் சிரித்தார். அக்காள் உள்ளே போய் உலை வைத்தாள். வாதத்தில் அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலையில் பாட்டுக்காரர்கள் எப்போதும்போல மண்வெட்டியோடு திட்டுக்குப் போனார்கள்.

பல வீடுகள் தோண்டின. இடுப்பு ஆழம் போனதும் தண்ணீர் ஊறும், விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் வருவதற்குள் குழி தூர்ந்திருக்கும். யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் ஒரு பேச்சானது. சுலபமாகக் கிடைத்தால் ஒல்லாந்தர் எதற்கு, நாமே புதைத்திருக்கலாமே என்றார்கள்.

எங்கள் பாடு அமாவாசைக்கு வந்தது. அமாவாசைக்குத் தண்ணீர் ஏற்றம் அதிகம். முந்தின நாள் மழையும் பெய்திருந்தது. திட்டில் கால் வைத்தால் சாம்பல் தயிர் மாதிரி ஆடும்.

"இன்னிக்கு வோணாம் மாமா," என்று துறையிலேயே சொன்னேன்.

"இன்னிக்கு வுட்டா அப்பால எப்ப? சுத்து முடிஞ்சி வரும்போது நான் கேட்டாண்ட நின்னுகினு இருப்பேன்."

படகை அவிழ்த்தேன். பாடு என்றால் போகத்தான் வேண்டும். புயல் கூண்டு ஏற்றின நாளில்கூட நாங்கள் பாட்டுக்கு வலை கட்டியிருக்கிறோம்.

படகில் போகும்போது அவர் ஒன்று சொன்னார். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

"காலியாத்தான் இருக்கும்னு எனுக்கும் தெரியும்டா மச்சான். உங்கக்கா சொல்றதுதான் சரி. ஆனா பாக்காம பூட்டன்னா, அந்த கேட்டாண்ட குந்திகினு தெனம் இத்தயே நெனச்சிகினு இருப்பேன். பாத்துட்டன்னா சட்டய மாட்டிகினு போயிடுவேன்."

நடு வட்டத்தை எடுத்துக்கொண்டோம். அவர் உள்ளே இறங்கி வெட்டினார். நான் மேலே நின்று கூடையைக் கயிற்றில் இழுத்துக் கொட்டினேன். செங்கல் சுவர் மற்ற இரண்டைவிட உறுதியாக இருந்தது. அதனால் மற்றவர்களைவிட வேகமாகக் கீழே போனோம். ஊறின தண்ணீரை வாளியில் இறைத்தோம். வெயில் உச்சிக்கு வரும்போது அவர் தலை என் காலுக்குக் கீழே வெகு ஆழத்தில் இருந்தது.

"வாசலு கீதுடா," என்று கீழேயிருந்து கத்தினார். "இதுலயும் அதே மாரி. கல்லு வெச்சி அடச்சிகீது."

"தொடாத மாமா. தண்ணி ஏறிகினு கீது."

"உள்ளாற ரூமு மாரி இருந்தா?"

வளைவுக்கு அந்தப் பக்கம் அறை இருக்கும் என்று அவர் நினைத்தார். அவர் நின்றதுதான் உள்பக்கம். அந்தப் பக்கம் இருந்தது திட்டு. களிமண் திட்டாக இருந்திருந்தால் கல்லை எடுத்தாலும் மண் நின்றிருக்கும். நாங்கள் களிமண்ணில் வளர்ந்தவர்கள். குழி வெட்டி, வரப்புப் போட்டு, நண்டு வளைக்குள் தோள்வரை கை விட்டவர்கள். மண் நிற்கும் என்பது எங்கள் கைக்குத் தெரியும். சாம்பல் நிற்காது என்பது தெரிந்திருக்கவில்லை.

அவர் முதல் கல்லைப் பிடுங்கினார். இரண்டாவதையும் பிடுங்கினார். அப்புறம் கொழகொழவென்று ஒரு சத்தம். கஞ்சிப் பானை கவிழ்கிற மாதிரி. சாம்பல் அந்த வாய் வழியாக உள்ளே வந்தது. முட்டி ஏறியது. அவர் கயிற்றைப் பிடித்தார். நான் இழுத்தேன். மார்பு ஏறியது. அவர் என்னைப் பார்த்தார். கயிறு லேசானது.

நான் கத்தினேன். இறாலுக்குப் போயிருந்த படகுகள் எல்லாம் திரும்பின. கையால் வாரினார்கள், கூடையால் வாரினார்கள். வாரின இடத்தில் திரும்ப வந்து நிறைந்தது. சாயங்காலம் தண்ணீர் வற்றினபிறகுதான் எடுக்க முடிந்தது. அதற்குள் சாம்பல் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. கடப்பாரை வேண்டியிருந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை.

படகு துறைக்கு வந்தபோது அக்காள் தண்ணீரில் இறங்கி நின்றாள். மாமாவின் முகத்தில் இருந்த சாம்பலைப் புடவை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். போகவில்லை. மூக்கிலும் காதிலும் இருந்தது. குளிப்பாட்டினபோதும் முழுசாகப் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சட்டப்படி பாடு திரும்ப உங்களுக்குத்தாம்மா. நாளைக்கி எட்துக்குறியா, வுட்டுட்றியா?"

வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"எட்துக்குறேன்," என்றாள்.

காலையில் நான் படகைத் தள்ளினேன். அவள் முன்னால் உட்கார்ந்தாள். கையில் எதுவும் இல்லை. வியாபாரி மெஷினோடு இன்னொரு படகில் பின்னாலேயே வந்தார். அவரோடு சில பேர். பாதி தோண்டியிருப்பதால் இன்றைக்கு அடி தெரிந்துவிடும் என்று அவர்கள் பேசிக்கொண்டது எங்களுக்குக் கேட்டது.

திட்டில் இறங்கினதும் அவள் நடு வட்டத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். குழி தூர்ந்துபோயிருந்தது. கூடையின் பிடி மட்டும் வெளியே தெரிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

வியாபாரி பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

"யக்கா, அவரு ஆசப்பட்டது. நீ குந்திகினே இரு, நாங்க தோண்டறோம். இன்னான்னு பாத்துட்டா மனசு ஆறும்."

"எங்க பாடு," என்றாள்.

"அதாங்க்கா, உன்கிட்டதான கேக்குறேன்."

"எங்க பாட்டுல நாங்க வலை போடல. போ."

அவர் போனார். மற்றவர்களும் போனார்கள். சட்டம் எல்லோருக்கும் தெரியும். வலை போட்டாலும் போடாவிட்டாலும் அந்த நாள் பாட்டுக்காரருடையது. யாரும் கை வைக்கக் கூடாது.

நாங்கள் அங்கேயே இருந்தோம். குடிக்கத் தண்ணீர் எடுத்துவர மறந்திருந்தோம். அவள் கேட்கவும் இல்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறி விளிம்பைத் தொட்டது. அவள் காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள்.

"நான் ஒத்துகினு இருக்கக் கூடாது," என்றாள்.

"காலின்னு நெனச்சிதான ஒத்துகின."

"காலிதான்டா. அதனாலதான் சொல்றேன்."

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். நீலச் சட்டையை அவளே யார்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பெருக்குகிற வேலை இருக்கிறது, வருகிறாயா என்று அங்கே கேட்டார்களாம். மீனே போதும் என்றாளாம்.

அடுத்த நாள் பாடு பக்கத்து வீட்டுக்கு. அவர்கள் தோண்டினார்கள். உள்ளே இறங்காமல் மேலேயிருந்தே வாரினார்கள். அந்த அளவுக்குப் பயம் வந்திருந்தது. வற்று நேரத்தில் அடி தட்டியது. உடைந்த கிளிஞ்சல், கருகின செங்கல், அதன் கீழே கையளவு கனத்தில் வெள்ளையாக ஒரு அடுக்கு. டீக்கடையில் அதை ஒரு காகிதத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பெட்டிக்கு ஈரம் ஏறாமலிருக்க ஒல்லாந்தர் போட்ட பூச்சு என்றார் வியாபாரி. பெட்டியை வேறு யாரோ முன்னாலேயே எடுத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அதில் ஒரு துண்டை நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அக்காள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே வாங்கினாள். ஈரம் பட்டதும் அது அவள் விரலில் மாவாகக் குழைந்தது.

"சுண்ணாம்பு," என்றாள்.

கையை அலசிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.