எதிர்த்திசையில் அரை கிலோமீட்டர்

சிங்கப்பூரில் பதினோரு வருடம் லாரி ஓட்டியவன் நான். லைசென்ஸ் போனால் பிழைப்பே போய்விடும் என்ற பயத்தில், ஒருமுறைகூட அங்கே சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை.

கிணத்துக்கடவுக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், மனைவியோடு ஸ்கூட்டரில் மருந்துக்கடைக்குக் கிளம்பினேன். யூ டர்ன் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்ததால், மற்றவர்களைப் போல நானும் எதிர்த்திசையிலேயே ஓட்டினேன்.

“சுத்தியே போலாமுங்க” என்றாள்.

“இங்க யாரு அம்மணி கேக்கப் போறாங்க?” என்றேன்.

அடுத்த நிமிடம் எதிரே வந்த வேன் மோதி, அவளுடைய வலது கால் நசுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் எனக்குத் தெரிந்தவர். “வேன்காரன் மேலயே எழுதிக்கறனுங்க” என்றார். நான் வாய் திறக்கவில்லை. படுத்திருந்த என் மனைவிதான், “ராங் சைடுல போனது நாங்கதானுங்க” என்றாள்.

“அப்ப கேஸே வேண்டாமுங்க” என்று நோட்டை மூடிவிட்டுப் போனார்.

என்னை யாரும் தண்டிக்கவில்லை. அவள்தான் வாக்கர் பிடித்து நடக்கிறாள். இப்போதெல்லாம் யூ டர்ன் வரை போய்த்தான் திரும்புகிறேன். பின் சீட்டில் ஏற மட்டும் அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.