எங்கள் தெருவோடு முடிந்த பூமி

என் வேலையை அக்கா ஊரில் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல பூகம்பம் விடுறா." சென்னையில் நான் செய்வது ஏறக்குறைய அதுதான். பூமிக்குள் அதிர்வு எப்படி ஓடும் என்று கணக்குப் போடுவது, அந்தக் கணக்கைச் சீக்கிரம் முடிக்க வழி தேடுவது. விடுப்பில் வந்தாலும் அந்தப் பாழாய்ப்போன பூகம்பம் என்னை விடவில்லை.

விராலிமலைக்குப் பக்கத்தில் அக்கா வீடு. தெருவுக்கு மேற்கே கல் குவாரி. மதியம் வெடி வைத்தால் சுவர் ஒருமுறை நடுங்கும், அக்காவின் கைக்குழந்தை வீறிடும். குவாரிக்காரர்கள் அதை இன்னும் தெருப்பக்கம் நீட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். கிடைத்துவிட்டால் விரிசல் விட்ட அந்த வீட்டில் அக்கா இருக்க முடியாது. வேறு வீடும் அவளுக்கு இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வடை, காபி எல்லாம் குவாரி உபயம். அவர்கள் அழைத்து வந்த நிபுணர் திரையில் படம் ஓட்டினார். வெடித்த இடத்திலிருந்து சிவப்பு வளையம் கிளம்பியது, வயலைத் தாண்டியது, எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக அணைந்துபோனது. என்ன மரியாதை தெரிந்த அதிர்வு! மண்டபமே வாயைப் பிளந்து பார்த்தது.

எனக்கு அந்த அடக்கம் பழகிய முகமாக இருந்தது. பூமி முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது. ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுப்போம். வெட்டிய விளிம்பில் அலை மோதித் திரும்பினால் கணக்கு கெட்டுவிடும். அதனால் விளிம்பு நெடுக ஒரு பட்டை வைத்து, வருகிற அலையை அது விழுங்கிவிடும்படி செய்வோம். நிஜ மண்ணில் அப்படி ஒன்று கிடையாது. துண்டு சிறிதானால் வேலை சீக்கிரம் முடியும். நிபுணர் சிக்கனமான மனிதர். பூமியை எங்கள் தெருவோடு முடித்துவிட்டார்.

எழுந்து கேட்டேன். "சார், உங்க பட்டை எங்கேருந்து ஆரம்பிக்குது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெருமுனைப் பிள்ளையார் கோயில்லேருந்து."

"அதுக்கு அங்கிட்டுத்தானே சார் எங்க வீடெல்லாம் இருக்கு?"

கூட்டத்தை நடத்திய அதிகாரி என்னிடம் விவரம் கேட்டார். ஆங்கிலமும் தமிழுமாக விளக்கித் தள்ளினேன். அவர் நிபுணரிடம், துண்டைப் பெரிதாக்கிப் புதிதாகக் கணக்குப் போட்டு வாருங்கள், அதுவரை நீட்டிப்புக்கு அனுமதி இல்லை, இப்போதுள்ள வெடி வழக்கம்போல் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா மெச்சுவாள் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக நிபுணரிடம் போனாள். நான் பேசியதில் அவளுக்குப் பட்டை மட்டும்தான் புரிந்திருந்தது. குரலில் துளிக் கிண்டல் இல்லை.

"தம்பி, அந்தப் பட்டைய நெசமாவே எங்க தெருவுல போட்டுத் தர முடியுமாங்க? புள்ள தூங்க மாட்டேங்குது."

நிபுணர் என்னைப் பார்த்தார். அதுவரை அவரைக் கேலி செய்து வந்த எனக்கு அழுகைதான் வந்தது.