கொன்ஸ்ரன்ரைன் வாங்கிய துவக்கு

கொன்ஸ்ரன்ரைன் ஐம்பத்தைந்தாவது வயதில் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறினார். இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற மன்னார்ச் சனத்துக்கு அது ஒரு கிழமைக்குச் சிரித்துக் கதைக்கப் போதுமானதாக இருந்தது.

லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோர் என்று அவர் மரியாதையாக அழைக்கிற கலோஜெரோ என்ற இத்தாலிய முதியவரைப் பத்தொன்பது வருடங்களாகப் பராமரித்துவந்தார். முதலில் வீட்டு வேலை, பக்கவாதம் வந்தபின் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது எல்லாம். ஒவ்வொரு மாரியிலும் காட்டுத்தாரா சுடப் போய் வந்த மனிதர் சிஞ்ஞோர். இப்போது வலது கை விழுந்துவிட்டது.

"நான் சுடவேண்டாம். நீ சுடு. பக்கத்தில் இருந்து பார்த்தால் எனக்குப் போதும்" என்று இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துவக்கு அனுமதிக்கு எழுதும்போது, வீட்டில் கூட இருப்பவர்களுக்கு அறிவித்ததாகவும் எழுதவேண்டும். கொன்ஸ்ரன்ரைன் பத்திரத்தை மேசையில் வைத்ததும் மனைவி றோசமலர் அதைத் தள்ளிவிட்டார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களே தூக்கப் போறியளோ?"

"மனுசன் ஆசையாக் கேக்குது. எத்தினை தரம் மாட்டன் எண்டு சொல்லுறது?"

"அப்ப அது அவற்றை வீட்டிலையே இருக்கட்டும். இந்த வாசல்படிக்கு வரக்கூடாது."

அப்படியே ஒத்துக்கொண்டார்கள்.

சிஞ்ஞோரின் பழைய இரட்டைக்குழல் துவக்கு உதவவில்லை. ஈரநிலங்களில் ஈயச் சன்னம் சுடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. உருக்குச் சன்னத்தை அந்தக் குழல் தாங்காது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கொன்ஸ்ரன்ரைன் துவக்குக் கடைக்குப் போனார். கடைக்காரி, கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண், மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த ஒன்றை எடுத்துத் தந்தார். உருக்குக்குச் சோதித்தது என்பதற்கு அதில் ஒரு சின்ன லில்லிப் பூ முத்திரை இருந்தது. தோளில் வைத்துப் பார்த்தபோது பாரம் சரியாக நின்றது.

பிறகு கடைக்காரி சோக்குகளை வெல்வெட் துணியில் பரப்பினார். குழலின் வாயில் திருகிப் பூட்டுகிற விரல் நீளக் குழாய்கள் அவை. ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்கள் பொறித்திருந்தன; நட்சத்திரம் குறையக் குறைய வாய் ஒடுங்கும். சன்னங்கள் சிதறாமல் நெருங்கிப் போகும்.

"ஒற்றை நட்சத்திரம்" என்றார் சிஞ்ஞோர். "நான் எப்போதும் அதுதான்."

"அது ஈயத்துக்கு, சிஞ்ஞோர். உருக்கு ஏற்கனவே நெருங்கித்தான் போகும். அவ்வளவு ஒடுக்கமான வாயில் குழல் பழுதாகலாம். கீழ்க் குழலுக்கு நான்கு, மேலுக்கு மூன்று போடுங்கள்."

கொன்ஸ்ரன்ரைன் ஒரு கேள்விதான் கேட்டார். "எதைப் போட்டால் காயப்படாமல் உடனே சாகும்?"

கடைக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அது சோக்கில் மட்டும் இல்லை. முப்பது மீற்றருக்குள் வரும்வரை பொறுக்கவேண்டும். தூரத்தில் சுட்டால் ஒன்றிரண்டு சன்னம்தான் படும். தாரா காயத்தோடு போய்க் கிடக்கும்."

கொன்ஸ்ரன்ரைன் துவக்கோடு நான்கு நட்சத்திரச் சோக்கையும் மூன்று நட்சத்திரச் சோக்கையும் வாங்கினார். மூன்று மாதம் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகினார். தூரம் கணிக்கத் தெரிந்துகொண்டார்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, நகரத்துக்கு மேற்கே ஒரு சதுப்பு ஏரிக்குப் போனார்கள். நாணற் புதருக்குப் பின்னால் சிஞ்ஞோரை மடக்கு நாற்காலியில் இருத்திப் போர்வையால் மூடினார். வெளிச்சம் வந்ததும் ஐந்து தாராக்கள் தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்தன. நாற்பத்தைந்து மீற்றர் இருக்கும். பொறுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

"சுடு! இப்போது!" என்று சிஞ்ஞோர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். கொன்ஸ்ரன்ரைன் சுட்டார்.

ஒன்று சரிந்து நாணலுக்குள் விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடிப்போனார். சிறகு முறிந்த தாரா வேர்களுக்குள் கழுத்தை நீட்டிப் பதுங்கியிருந்தது. சத்தம் போடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படியே விடாதே! முடித்துவிடு!" கரையிலிருந்து சிஞ்ஞோர் கத்தினார்.

கன நேரம் நின்றார். பிறகு கழுத்தைத் திருகினார். தண்ணீருக்குள்ளேயே குந்தி அழுதார்.

திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டி, முப்பத்தைந்து வருடங்களாக யாருக்கும் சொல்லாததைச் சிஞ்ஞோருக்குச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு, போருக்குத் தப்பி இந்தியாவுக்கு வள்ளம் ஏற நின்ற கரையில் சூடு விழுந்தது. தம்பி றஞ்சித்துக்கு வயிற்றில் பட்டது. பதினேழு வயது. கண்டல் மரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கிடத்தினார். வள்ளம் வெளிக்கிட ஆயத்தமானது. 'அண்ணா, விட்டிட்டுப் போகாதை' என்று தம்பி சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நீயும் சின்னப் பையன்தானே" என்றார் சிஞ்ஞோர்.

"இருபது வயது. அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்."

அம்மாவுக்கு, சனத்துக்குள் தம்பியைத் தவறவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

வீடு திரும்பியதுமே றோசமலருக்கும் சொன்னார். அவர் ஈர உடுப்பைக் கழற்றச் சொல்லி வாங்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமை கொன்ஸ்ரன்ரைன் மன்னாரில் இருக்கும் தங்கை கிளறாவுக்கு அழைத்தார். கிளறா முழுவதையும் கேட்டார்.

"அம்மா சாகிறதுக்கு முதல் கிழமையும் காணாமல் போனவையின்ரை போராட்டத்துக்குப் போனவ, அண்ணா. அவன்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு வெய்யிலுக்குள்ளை இருந்தவ. நீங்கள் எல்லாம் தெரிஞ்சுகொண்டே அவவை அப்பிடி இருக்க விட்டனீங்களோ?"

"கிளறா..."

தொடர்பு அறுந்துவிட்டது.

சிஞ்ஞோர் துவக்கைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மார்கழி முதல் ஞாயிறு தேவாலயத்தில் நடந்த தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, றோசமலர் எழுதிக் கொடுத்திருந்த றஞ்சித்தின் பெயரையும் பங்குச் சுவாமி வாசித்தார். கொன்ஸ்ரன்ரைன் அதைக் கைபேசியில் பதிந்து தங்கைக்கு அனுப்பினார்.

கிளறா அதைக் கேட்டுவிட்டதாகக் கைபேசி காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.