பாதியில் விட்டு வந்த கைப்பை

அறுபத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, நான் தனியாகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அதுவரை தனியாக எங்கேயும் போனதில்லை. அன்றைக்குப் போனது என் நாத்தனாரைப் பார்க்க.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை அவள். சிதம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கொடுத்திருந்தோம். சீரோடு ஒரு தையல் மெஷினும் அனுப்பினோம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மெஷினில் மாறி மாறி உட்கார்ந்து எம்பிராய்டரி கற்றுக்கொண்டோம். என்னைவிட அவளுக்குத்தான் கை ஓடும்.

முதல் வருஷம் பண்டிகைக்கு வந்தாள். அப்புறம் வரவே இல்லை. அவள் அண்ணன் இரண்டு தரம் போனபோதும் ‘கோயிலுக்குப் போயிருக்கா’, ‘ஒடம்பு சரியில்ல, தூங்குறா’ என்று வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெண்பிள்ளை போனால் உள்ளே விட்டுத்தானே ஆக வேண்டும் என்று நான் கிளம்பினேன்.

விட்டார்கள். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தவளைப் பார்த்து, வேலைக்காரப் பெண் என்றுதான் முதலில் நினைத்தேன். என் நாத்தனார் அவ்வளவு உருக்குலைந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே வரை நீண்ட ரவிக்கை. “நல்லாத்தான் இருக்கேன் அண்ணி” என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தாள். அந்த அம்மாவும் எங்களை விட்டு நகரவே இல்லை. நான் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார்.

இப்படியே பேசிவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று இருந்தபோது, அந்த வீட்டுப் பெண், அதாவது என் நாத்தனார் புருஷனின் தங்கை, என் மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பார்த்தாள். பதினெட்டு வயதிருக்கும். கறுப்பு சாட்டினில் சிவப்பு ரோஜா போட்டு நானே தைத்த சின்னப் பை அது.

“அண்ணிக்கும் இந்த வேல தெரியுமாமே. ரெண்டு பேருமா சேந்து எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுத்துட்டுப் போங்கக்கா” என்றாள்.

மாமியார்க்காரிக்கு இஷ்டமில்லை. ஆனால் மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள், அவள் ஆசைப்படுகிறாள். சரி என்றுவிட்டார். காலிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்த மெஷினை இழுத்து, தூசி தட்டி, எண்ணெய் விட்டோம். பீரோவிலிருந்து ஒரு நீலத் துணி வந்தது.

பூ வேலைக்குத் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை வளையத்தில் இறுக்கிப் பூட்டி, வளையத்தையே கையால் நகர்த்திக்கொண்டு, காலால் விடாமல் மிதிக்க வேண்டும். நாத்தனார் மிதித்தாள். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் எங்களுக்குப் பின்னால் வருவதும் போவதுமாக இருந்தாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் மாமியார் அடுப்படிக்குப் போனார்.

“அண்ணி, தலைய தூக்காதீங்க. துணியப் பாத்துக்கிட்டே கேளுங்க” என்றாள் அவள்.

நான் நூலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

குழந்தை இல்லை என்று அவள் புருஷனுக்குக் குறிஞ்சிப்பாடியில் வேறு பெண் பார்த்திருந்தார்கள். இவள் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. ராத்திரிச் சோறு நிறுத்தி மாசக்கணக்காகிவிட்டது. எதிர்த்துப் பேசினால் பின்கட்டில் சாமான் அறையில் போட்டுப் பூட்டுவார்கள். நீண்ட ரவிக்கைக்கு உள்ளே பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் சுட்ட தழும்பு.

“கெணத்தக் காட்டிக் காட்டிச் சொல்றாங்க அண்ணி, நீயா போயிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு. நேத்து கெணத்தடி வரைக்கும் போயி நின்னுட்டுத்தான் வந்தேன்.”

நூல் அறுந்தது. மெஷின் நின்றது.

“என்ன, சத்தத்தக் காணோம்?” அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“நூலு அத்துப்போச்சு அத்தை” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஊசியில் நூல் கோர்க்க எனக்கு வரவில்லை. அவள் வாங்கிக் கோர்த்தாள். மறுபடி மிதித்தாள். அவள் கண்ணீர் அந்த நீலத் துணியில் விழுந்து கறுப்புப் புள்ளிகளாகப் பரவியது. கை மட்டும் நிற்கவே இல்லை. இதழ் இதழாகப் பூ வந்துகொண்டிருந்தது.

ரோஜா முடிந்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பைக்கு உள்ளே வைத்துத் தைக்க கேன்வாஸ் வேண்டும், மூடுவதற்கு பிரஸ் பட்டன் வேண்டும், இலைக்குப் பச்சை நூலை இவள்தான் பார்த்துப் பொறுக்க வேண்டும், கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “நீயும் கூடவே போ. அவ கைய விடாத” என்றார்.

கீழவீதி முழுக்கச் சேறு. மூன்று பேரும் நடந்தோம். இந்தப் பெண்ணை எப்படிக் கழற்றிவிடுவது என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. நூல் கடை வந்தது. நான் படியேறப் போனேன். அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“கடைக்கு அப்பறம் போலாம்க்கா. கடலூர் பஸ்ஸு கெளம்பிடும்.”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

“ஒங்க பின்னாலதான நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கும் கேட்டுச்சு. கேக்காட்டியும் தெரியும், அதே வீட்டுலதான இருக்கேன்” என்றாள்.

பையை ஆசைப்பட்டுக் கேட்டாளா, நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார ஒரு வழி பண்ணினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க நேரமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எங்களை முந்திக்கொண்டு அவள்தான் ஓடினாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நாத்தனாரை ஏற்றிவிட்டு, நான் படியிலிருந்து திரும்பி, “நீயும் வந்துடு. ஒன்ன சும்மா விடமாட்டாங்க” என்றேன்.

“நான் எங்கக்கா வர்றது? எங்க வீடாச்சே அது” என்றாள். “கூட்டத்துல தவற விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க அண்ணிய நல்லாப் பாத்துக்குங்க.”

பஸ் திரும்பும்போது பார்த்தேன். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தூறலில் நின்றாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை என் நாத்தனார் வாயே திறக்கவில்லை. தாண்டிய பிறகு அழுத அழுகையில் முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் புருஷன் வீட்டார் ஆள் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அனுப்ப மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவள் எங்களோடேயே இருந்துவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்தாள், என் பிள்ளைகளை வளர்த்தாள். ஆனால் கதவைச் சாத்திய அறையில் கடைசிவரை அவளால் தூங்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் கதை எங்களுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அன்று வீட்டுக்குத் தனியாகத் திரும்பியவளை அண்ணன்காரன் அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போய்விட்டதாம். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. தை பிறந்ததும் மங்கலம்பேட்டைப் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானும் நாத்தனாரும் ஒரு தடவை அங்கே தேடிப் போனோம். பிழைப்புக்காக வேறு ஊர் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா, நன்றாக இருக்கிறாளா, எதுவுமே தெரியாமல் திரும்பி வந்தோம்.

எங்கள் சொந்தத்தில் என்னைத்தான் தைரியசாலி என்பார்கள். நான் போனதும் வந்ததும் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டின் பேச்சு வரும்போது யாராவது “மொத்தக் குடும்பமும் பாவிங்க” என்று ஆரம்பித்தால் அதை ஆமோதிக்க மட்டும் எனக்கு நா எழுவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணை உயிரோடு திருப்பித் தந்தவள் அந்தக் குடும்பத்தில்தான் பிறந்தாள், அதற்கான அடியையும் அங்கேயே திரும்பிப் போய் வாங்கிக்கொண்டாள்.