வெயிலா, அம்மையா

ஐம்பதுகளின் கடைசியில் காசிமேட்டில் என் அண்ணனுக்குப் புத்தி தடுமாறியது. கடலுக்குப் போகிறவர். கட்டுமரத்துக்கு அடியில் யாரோ தன்னை ஏசுவதாகச் சொல்லித் துடுப்பால் தண்ணீரை அடிப்பார். கூட்டாளிகள் பயந்து அவரை ஏற்றிக்கொள்வதை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். தினமும் எண்ணிக் கொடுப்பது என் பொறுப்பு. எண்ணாமல் எதையும் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில வாரங்களில் குரல்கள் அடங்கின. வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, நடை மந்தமானது. ஆனாலும் கட்டுமரத்தில் மறுபடி இடம் கிடைத்தது.

கடலுக்குப் போகத் தொடங்கிய அந்த வாரமே முகம், கழுத்து, புறங்கை எல்லாம் சிவந்து கொப்பளித்துக் கரைக்கு வந்தார். பக்கத்து வீட்டு மீன்காரம்மா அண்ணியிடம் சொன்னாள்:

"இன்னா பாத்துகினு நிக்கிற? ஆத்தா வந்துகீறா. வேப்பிலை கட்டு."

அண்ணி கட்டினாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்பதால் மாத்திரைப் புட்டி பரணுக்குப் போனது.

"காய்ச்சலே இல்லியே அண்ணி. பனியன் மறைச்ச எடத்துல ஒரு கொப்புளம்கூட இல்ல, எண்ணிப் பாத்துட்டேன்."

"ஆத்தா முத்தையே எண்றியா தம்பி? அவ கோச்சிகினா உன் டாக்டரா வந்து நிப்பாரு?"

பத்து நாளில் தோல் உரிந்து ஆறியது. அண்ணி அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தெருவுக்கெல்லாம் கூழ் ஊற்றினாள். அன்றைக்கே அண்ணன், கூழ்ப்பானைக்குள்ளிருந்து யாரோ ஏசுவதாகச் சொன்னார். அண்ணி பானைக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு பரணிலிருந்து புட்டியை இறக்கினாள்.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கினார்: அது அம்மை அல்ல. இந்த மருந்து சாப்பிடுகிற சிலருக்குத் தோல் வெயில் தாங்காது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெயிலில்தான் போகக் கூடாது.

குரல்கள் மறுபடி அடங்கியிருந்த அண்ணன் கேட்டார்: "வெயில் இல்லாத கடல் எங்க கீது சார்?"

மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். குறைத்தும் தோல் எரிந்தது.

அடுத்த மாதம் அண்ணன் தானாகவே வலை பின்னும் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். நடுங்குகிற கையில் முடிச்சு சரியாக விழவில்லை. பழைய கூட்டாளி ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, புதுப்பொண்ணு கணக்கா நெயல்ல குந்திகினு?"

"வெளிய போனா மூஞ்சி எரியுது, மாத்திரைய வுட்டா மண்ட எரியுது," என்றார் அண்ணன். "அந்த நூல இப்படித் தள்ளு."